எரிச்சல் புராணம்

அசோகர் சாலையோரம் மரம் நட்டார், குளம் வெட்டினார் என்று எழுதி ஐந்து மார்க் வாங்கி வளர்ந்தவர்கள் நாம். ஏன் நட்டார் என்று கேட்டால் ‘மக்கள் நலன் கருதி’ என்றுதான் எழுத வேண்டும். ‘வெயில் தாங்கவில்லை’ என்று எழுதிய பையனுக்கு முட்டை. மன்னர்கள் எதையும் எரிச்சலில் செய்ததாகச் சரித்திர ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வதே இல்லை. மன்னர்களும் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை.

கணினிச் சரித்திரத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. அதன் நாயகர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். அன்றன்று அவர்கள் அடித்துக்கொண்ட மின்னஞ்சல்களும் அழியாமல் இருக்கின்றன. அவற்றைப் புரட்டினால் தெரிவது இதுதான்: இன்றைக்கு லினக்ஸ் கணினியில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் அப்பாச்சி2’ என்று ஒரு வரி தட்டினால், காபி ஆறுவதற்குள் ஒரு வெப் சர்வர் எழுந்து உட்காருகிறதே, அதன் ஒவ்வொரு செங்கல்லையும் வைத்தவர் ஏதோ ஒரு சில்லறை விஷயத்தில் பொறுமை இழந்தவர். தொலைநோக்கு, சமுதாயச் சிந்தனை முதலியவை பிற்பாடு விருது மேடையில் சேர்ந்துகொண்டவை.

ஜெனீவா காண்டம்

ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் என்று ஓர் ஆய்வுக்கூடம். அணுவைவிடச் சின்னதை மோதவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் இடம். உலகம் முழுவதிலுமிருந்து விஞ்ஞானிகள் வருவார்கள், இரண்டு வருடம் இருப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். எந்தக் கணினியில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற ரகசியமும் அவர்களோடு விமானம் ஏறிவிடும். கணினிகளோ ஆளுக்கொரு ரகம். ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாது.

இதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் ஒரு திட்டம் எழுதி மேலதிகாரி மைக் செண்டாலிடம் கொடுத்தார். அவர் முகப்பில் மூன்றே மூன்று ஆங்கிலச் சொற்கள் எழுதினார். ‘தெளிவாக இல்லை, ஆனாலும் பரபரப்பாக இருக்கிறது’ என்பது அவற்றின் சாரம். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. நம் ஊர் அலுவலகங்களில் ‘பார்க்கலாம்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துபோகிற காரியம். வித்தியாசம் என்னவென்றால், செண்டால் நிஜமாகவே பார்த்தார். 1990-இல் ஒரு நெக்ஸ்ட் கணினி வாங்கித் தந்தார். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸ், 1985-இல் அதே ஆப்பிளை விட்டு வெளியேற நேர்ந்த கடுப்பில் ஆரம்பித்த கம்பெனியின் கறுப்புப் பெட்டி அது. எரிச்சலில் பிறந்த இயந்திரத்தில் எரிச்சலில் பிறந்த நிரல் ஏறியது. பொருத்தம் பத்தும் அமைந்தது.

1990 கிறிஸ்துமஸ் வாக்கில் உலகின் முதல் வெப் சர்வர் ஓடத் தொடங்கியது. அதன் பாதுகாப்பு ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் ஒரு சீட்டு. ‘இந்த மெஷின் ஒரு சர்வர், அணைத்துவிடாதீர்கள்’ என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு ஆச்சரியக்குறி போட்டிருந்தார்கள். அன்றைக்கு யாராவது அந்த சுவிட்சைத் தட்டியிருந்தால் மொத்த இணையதள உலகமும் படுத்திருக்கும். இன்று கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் டேட்டா சென்டர்கள் செய்வதை அன்று இரண்டு ஆச்சரியக்குறிகள் செய்தன.

சரி, இந்த மகத்தான கண்டுபிடிப்பை செர்ன் விஞ்ஞானிகள் எதற்குப் பயன்படுத்தினார்கள்? பிரபஞ்ச ரகசியத்துக்கா? டெலிபோன் நம்பர் தேட. அதுவரை ஒரு நம்பர் வேண்டுமென்றால் மெயின்ஃபிரேமில் நுழைந்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வலையில் உடனே கிடைத்தது. உலகளாவிய வலையை முதன்முதலில் விற்றுக் கொடுத்தது ஒரு டெலிபோன் டைரக்டரி.

கேம்பிரிட்ஜ்காரர்கள் இன்னும் நேர்மையானவர்கள். ட்ரோஜன் ரூம் என்ற அறையில் இருந்த காபி மெஷினை நம்பி மாடிப்படி ஏறிப் போனால், கெட்டில் காலி. இந்தக் கொடுமை பொறுக்காமல் 1991-இல் கெட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா வைத்தார்கள். 1993-இல் அந்தப் படம் வலையில் ஏறியது. பிறகு உலகமே உட்கார்ந்து அந்தக் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2001-இல் கேமராவை அணைத்தபோது அந்தக் கெட்டில் 3,350 பவுண்டுக்கு ஏலம் போனது.

வலை அப்போதே ஜெயித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கோஃபர் என்ற போட்டியாளர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். 1993-இல் அந்தப் பல்கலைக்கழகம், கோஃபர் சர்வருக்கு இனி உரிமக் கட்டணம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி செர்ன், எங்கள் நிரல் யாருக்கு வேண்டுமானாலும் இலவசம் என்று எழுதிக் கொடுத்தது. மீதியைச் சொல்லவும் வேண்டுமா?

ஹெல்சிங்கி காண்டம்

சர்வர் வந்துவிட்டது. அதை உட்காரவைக்க ஒரு திண்ணை வேண்டாமா? அதை ஃபின்லாந்தில் ஒரு மாணவர் கட்டிக்கொண்டிருந்தார், தான் என்ன கட்டுகிறோம் என்று தெரியாமலே.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 தொடக்கத்தில் ஒரு 386 கணினி வாங்கினார். பல்கலைக்கழகக் கணினியை வீட்டிலிருந்தே மோடம் வழியாகப் பிடிக்க ஒரு சின்ன நிரல் எழுதினார். அதற்கு டிஸ்க் வேண்டியிருந்தது, ஃபைல் சிஸ்டம் வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகச் சேர்த்ததில் ஒருநாள் பார்த்தால் அது ஓர் இயங்குதளமாக வளர்ந்திருந்தது. ஆகஸ்ட் 25-ஆம் தேதி, இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் வராது என்ற பொருளில் ஊருக்கு அறிவித்தார். உலகச் சரித்திரத்தில் இவ்வளவு தப்பான ஜோசியம் குறைவு.

கொஞ்ச நாளில் அவர் மோடத்துக்கு டயல் செய்வதாக நினைத்து ஹார்டு டிஸ்க்குக்கே டயல் செய்துவிட்டார். டிஸ்க்கில் இருந்த மினிக்ஸ் என்ற பழைய இயங்குதளம் பாழானது. அதை மறுபடி போடுவதா, தன் சொந்தச் சரக்கையே நம்புவதா? மறுபடி போட அலுப்பு. லினக்ஸ் பிழைத்தது. பல வல்லரசுகளின் அரசு இணையதளங்கள் இன்று நிற்கும் அஸ்திவாரத்தில் ஒரு மாணவரின் அந்த அலுப்பும் கலந்திருக்கிறது.

மினிக்ஸை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1992 ஜனவரியில், இது காலாவதியான வடிவமைப்பு, நீ என் மாணவனாக இருந்தால் நல்ல மார்க் கிடைத்திருக்காது என்று எழுதினார். லினஸ் பதிலுக்குச் சண்டை போட்டார், பிறகு கொஞ்சம் மன்னிப்பும் கேட்டார். மார்க் வராத பையன்களின் கூட்டம் பெருகியது. 1994 மார்ச்சில் லினக்ஸ் 1.0 வந்தபோது அதற்கு நெட்வொர்க் பேசத் தெரிந்திருந்தது. கான்பெராவில் ஒரு சின்னப் பெங்குவின் லினஸைக் கடித்த கதையும் உண்டு. கடித்ததற்குத் தண்டனையாக அதன் இனத்தையே லினக்ஸின் சின்னமாக்கிவிட்டார்கள்.

இல்லினாய் காண்டம்

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் ராப் மெக்கூல் என்ற மாணவர் 1993-இல் ஒரு வெப் சர்வர் எழுதினார். சின்னது, வேகமானது, இலவசம். உலகம் அதையே பிடித்துக்கொண்டது. 1994-இல் நெட்ஸ்கேப் கம்பெனி பிறந்ததும் மெக்கூலையும் அவருடைய கூட்டாளிகளையும் அள்ளிக்கொண்டு போயிற்று. சர்வர் அநாதையானது.

உலகெங்கும் இணையதளம் நடத்துபவர்கள் பிழையைக் கண்டுபிடித்து இல்லினாய்க்கு எழுதினார்கள். பதில் இல்லை. மறுபடி எழுதினார்கள். மறுபடியும் இல்லை. தாலுகா ஆபீசுக்கு மனு போட்டுப் பழகிய நாமாக இருந்தால் இன்னும் காத்திருப்போம். அவர்கள் பொறுமையில்லாதவர்கள். ஆளாளுக்கு ஓட்டையை அடைத்துக்கொண்டார்கள். பிரச்சினை என்னவென்றால், ஒருவர் அடைத்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஒரே ஓட்டையை ஊர் முழுக்கத் தனித்தனியாக அடைத்துக்கொண்டிருந்தது.

1995 பிப்ரவரியில், ஹாட்வயர்டு இணையதளத்தில் வேலை பார்த்த பிரையன் பெலண்டார்ஃபும் இன்னும் ஏழு பேரும் மின்னஞ்சலிலேயே ஒன்று கூடி, அடைத்ததையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டினார்கள். ஒட்டுப்போட்ட சர்வர் என்ற சிலேடையோடு அப்பாச்சி என்று பெயர் வந்தது. ஏப்ரலில் முதல் வெளியீடு. ராபர்ட் தாவ் என்ற உறுப்பினர் அந்த ஒட்டுகளையெல்லாம் பார்த்துத் தாங்காமல் உள்கட்டமைப்பையே திருப்பி எழுதினார். டிசம்பர் 1-இல் அப்பாச்சி 1.0. அடுத்த ஏப்ரலில் நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பில் உலகின் முதலிடம்.

கம்பெனி இல்லை, ஆபீஸ் இல்லை, சம்பளம் இல்லை. தீர்மானம் நிறைவேற்றும் முறை மட்டும் இருந்தது. சம்மதம் என்றால் +1, எதிர்ப்பு என்றால் -1. நிரலில் ஒரு மாற்றத்துக்கு -1 போட்டால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும். ‘எனக்கு அவனைப் பிடிக்காது’ செல்லாது. இந்த ஒரு விதியை நம் குடியிருப்போர் சங்கங்களில் கொண்டுவந்தால் பாதிக் கூட்டம் பத்து நிமிடத்தில் கலைந்துவிடும்.

அப்பாச்சியும் லினக்ஸும் கைகோத்ததற்குப் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. யூனிக்ஸ் சர்வர் வாங்க வேண்டுமானால் பட்ஜெட் போட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். மூலையில் தூசி படிந்த பழைய பிசியில் இரண்டையும் ஏற்ற யாருடைய கையெழுத்தும் வேண்டாம். மேனேஜருக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்துகொண்டது லினக்ஸ். தெரிந்தபோது கம்பெனியே அதன் மேல் நின்றுகொண்டிருந்தது.

அதே 1995 ஜூனில் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தன் பயோடேட்டாவை யார் யார் பார்க்கிறார்கள் என்று வேவு பார்க்க எழுதிய சில்லறை நிரல்களை வெளியிட்டார். அதுதான் பிஎச்பி என்ற நிரல்மொழியின் தொடக்கம். வேலைக்கு அலைந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தவிப்பு. அவர் ஒருவர்தான் அதை மொழியாக்கினார்.

உள்ளமைப்புக் காண்டம்

இனி சர்வரை நிறுவும்போது நம்மை மிரட்டும் சடங்குகள். சர்வர் 80-ஆம் எண் போர்ட்டில் காத்திருக்கும். 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டை ரூட் என்ற நிர்வாகி மட்டுமே திறக்கலாம் என்பது பெர்க்லி யூனிக்ஸ் காலத்துச் சட்டம். அப்போது கணினி பூட்டிய அறைக்குள் இருக்கும். ரூட் என்றால் நம்பத்தகுந்த பெரியவர். இன்று இரண்டாயிரம் ரூபாய்க்குப் பழைய பிசி வாங்கியவரும் ரூட்தான். ஆனாலும் சட்டம் சட்டமே. அதனால் அப்பாச்சி ரூட்டாகப் பிறந்து கதவைத் திறக்கும்; அது பெறும் பிள்ளை நிரல்கள் பிறந்த கணமே அதிகாரத்தைத் துறந்து ‘நோபடி’ என்றோ ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்றோ ஓர் ஏழை யூசராக மாறி ஊழியம் செய்யும். பதவி கிடைத்த நொடியே துறப்பவர்களை நிரல்களில்தான் பார்க்க முடிகிறது.

பின்னணியில் ஓடும் நிரலுக்கு யூனிக்ஸில் டீமன் என்று பெயர். தாய் டீமன் பிள்ளைகளைப் பெறும். சும்மா இருக்கும் பிள்ளைகள் அதிகமானால் கொல்லும். செத்த பிள்ளையைக் கணக்கெடுக்க மறந்தால் அது ஸாம்பியாகும். எல்லாம் கையேட்டில் உள்ள சொற்கள். பாதிராத்திரியில் ஒரு சர்வர்காரர் போனில் ‘முதல்ல பிள்ளைங்களைக் கொல்லு, அப்புறம் தாயைக் கொல்லு’ என்று சொன்னால் போலீசைக் கூப்பிட வேண்டாம்.

எல்லாம் சரியாக நடந்தால் திரையில் ‘இட் வொர்க்ஸ்’ என்று ஒரு சோதனைப் பக்கம் வரும். நடக்காவிட்டால் 403. அனுமதி இல்லை என்று பொருள். அப்போது ஊரில் பாதிப் பேர் ‘சிஎச்மோட் 777’ என்று அடிப்பார்கள். வீட்டுச் சாவி தொலைந்தால் சுவரையே எடுத்துவிடும் வைத்தியம் அது. பக்கம் தெரியும். கூடவே எல்லாமும் தெரியும்.

ஓக்லஹோமா காண்டம்

அந்த அப்பாவிச் சோதனைப் பக்கத்துக்கும் ஒரு தலபுராணம் உண்டு. 2006 மார்ச்சில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டட்டில் என்ற சின்ன ஊரின் இணையதளத்தைத் திறந்தால், ஊர்ச் செய்திக்குப் பதில் அப்பாச்சியின் சோதனைப் பக்கம். அதில் சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸின் பெயர். நகர மேலாளர் உடனே முடிவுக்கு வந்தார்: சென்ட்ஓஎஸ் என்ற கும்பல் எங்கள் ஊரைக் கைப்பற்றிவிட்டது.

என் தளத்திலிருந்து உங்கள் சாமானை எடுங்கள், இல்லாவிட்டால் எஃப்பிஐயைக் கூப்பிடுவேன் என்று எழுதினார். இலவசமாக லினக்ஸ் தயாரித்துக் கொடுக்கும் தன்னார்வலர் ஒருவர் பொறுமையாக, ஐயா, உங்கள் சர்வரில் எங்கள் நிரல் இருக்கிறது, அவ்வளவுதான், நாங்கள் எதையும் தொடவில்லை என்று விளக்கினார். மேலாளருக்குக் கோபம் ஏறியது. கணினித் துறையில் தனக்கு 22 வருட அனுபவம் என்பதையும் எடுத்துவைத்தார். கடைசியில் அந்தத் தன்னார்வலரே துப்புத் துலக்கி, ஊருக்கு ஹோஸ்டிங் செய்யும் நிறுவனம் சர்வரைப் புதிதாக நிறுவிவிட்டு அமைப்பை முடிக்காமல் விட்டதுதான் காரணம் என்று கண்டுபிடித்துக் கொடுத்தார். திட்டு வாங்கியவரே பழுதும் பார்த்துத் தந்தார். ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

யுத்த காண்டம்

1999-இல் மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம், மைக்ரோசாஃப்ட் கொடுத்த பணத்தில் ஒரு பந்தயம் வைத்து, வெப் சர்வராக விண்டோஸ் என்டி லினக்ஸைவிட 3.7 மடங்கு வேகம் என்று அறிவித்தது. லினக்ஸ்காரர்கள் குதித்தார்கள். பணம் கொடுத்தவனுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு, செல்லாது, மறுபடி வையுங்கள் என்றார்கள். மறுபடி வைத்தார்கள். மறுபடியும் என்டி ஜெயித்தது. அதன் பிறகுதான் அவர்கள் உருப்படியான காரியம் செய்தார்கள்: கத்துவதை நிறுத்திவிட்டு எங்கே இடிக்கிறது என்று பார்த்தார்கள். இங்கோ மோல்னார் என்பவர் கோபத்தின் உச்சியில் வெப் சர்வரையே இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் கொண்டுபோய் வைத்தார். வாசல் காவலரை மூலஸ்தானத்தில் உட்காரவைத்தது மாதிரி இருந்தாலும், ஓடியது.

2001 ஜூனில் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர், லினக்ஸ் ஒரு புற்றுநோய் என்று பேட்டி கொடுத்தார். அடுத்த மாதமே தொற்றியது வேறு நோய். கோட் ரெட் என்ற புழு ஜூலை 19-ஆம் தேதி 14 மணி நேரத்துக்குள் சுமார் 3,59,000 கணினிகளைப் பிடித்தது. பிடித்தது மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வர்களை. மருந்து ஒரு மாதம் முன்பே வந்திருந்தது, போட்டுக்கொள்ளத்தான் பலருக்கு நேரமில்லை. அப்பாச்சிக்காரர்களின் கதவையும் அந்தப் புழு தட்டியது. அவர்களின் லாக் ஃபைல்களில் வரிசை வரிசையாக ‘என்’ என்ற எழுத்தாக நிரம்பியதே தவிர வேறொன்றும் ஆகவில்லை. 2014-இல் மைக்ரோசாஃப்டின் புதிய தலைவர் சத்யா நாதெள்ளா, எங்களுக்கு லினக்ஸைப் பிடிக்கும் என்று திரையில் இதயம் போட்டுக் காட்டினார்.

மாஸ்கோ காண்டம்

அப்பாச்சி கொழுத்தது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு பிள்ளை என்பது அதன் பழைய வழக்கம். பந்தியில் ஒவ்வோர் இலைக்கும் ஓர் ஆள் நின்று, சாப்பிடுபவர் பாயசம் குடித்து ஏப்பம் விடும்வரை நகராமல் காத்திருப்பதுபோல. பத்து இலைக்குச் சரி. 1999-இல் டான் கெகல் என்பவர், ஒரே சர்வர் ஒரே சமயத்தில் பத்தாயிரம் பேரைத் தாங்க வேண்டாமா என்று கேட்டார். ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்த இகோர் சிசோயெவுக்கு அது தினசரித் தலைவலி. 2002-இல் எழுத ஆரம்பித்து 2004 அக்டோபரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வெளியிட்டார். ஒரே ஆள் வாளியோடு பந்தி முழுக்க நடந்து, கையைக் காட்டுகிறவர் இலையில் மட்டும் போட்டுவிட்டு நகரும் முறை. பத்தாயிரம் இலையும் அசராமல் நிறைந்தது.

2019-இல் எஃப்5 நிறுவனம் என்ஜின்எக்ஸை 67 கோடி டாலருக்கு வாங்கியது. பதினைந்து வருடம் சும்மா இருந்த ராம்ப்ளருக்கு அப்போதுதான், அட, அது நம் ஆபீஸ் நேரத்தில் எழுதியதாயிற்றே என்று ஞானம் பிறந்தது. டிசம்பரில் மாஸ்கோ அலுவலகத்துக்குப் போலீஸ் வந்தது. ஊர் கூடித் திட்டியதும் ராம்ப்ளர் குற்ற வழக்கைக் கைவிடச் சொன்னது. எரிச்சலில் எழுதிய நிரலுக்கு விலை கிடையாது. விலை கிடைத்துவிட்டால் உறவினர் உண்டு.

உத்தர காண்டம்

இதுவரை சொன்னதில் ஒரு பொது விதி தெரிகிறது. வலிக்கிற இடத்துக்குத்தான் ஆள் வருகிறது. அப்படியானால் வலிக்காத இடம்?

அதற்கு 2014 ஏப்ரலில் விடை கிடைத்தது. உலகின் பெரும்பாலான அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் ரகசியம் காக்க நம்பியிருந்தது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலை. அதில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை இரண்டு வருடமாக இருந்தது. சர்வரின் நினைவகத்தில் உள்ளதை, பாஸ்வேர்டு உட்பட, கேட்டவருக்கெல்லாம் அது அள்ளிக் கொடுத்தது. அந்தத் திட்டத்துக்கு வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக உட்கார்ந்து பார்த்தவர் ஒருவர். பெரிய கம்பெனிகள் எல்லாம் அதைப் பயன்படுத்தின. ஒன்றுக்கும் அதனால் எரிச்சல் வரவில்லை, அதனால் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. ஓட்டை தெரிந்ததும் பதறிக்கொண்டு பணம் போட்டார்கள்.

இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தவர்கள் லெட்ஸ் என்கிரிப்ட்காரர்கள். அதுவரை சர்வருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கப் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், வருடம் முடியும் தேதியை மறந்துவிட்டு அவமானப்பட வேண்டும். 2015 டிசம்பர் 3-ஆம் தேதி முதல் அவர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் 90 நாள் மட்டுமே செல்லும் என்றார்கள். சாவி திருடுபோனால் சேதம் குறையும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொன்னார்கள்: அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருந்தால், ஆட்கள் கையால் செய்வதை விட்டுவிட்டுக் கணினியையே செய்ய வைப்பார்கள்.

தானாக வந்துகொண்டிருந்த எரிச்சலை அளந்து, குப்பியில் அடைத்து, மருந்தாகக் கொடுக்கத் தொடங்கியது அப்போதுதான். மருந்து வேலை செய்தது. வருடத்துக்கு ஒருமுறை மறந்தவர்கள், 90 நாளுக்கு ஒருமுறை மறக்க முடியாமல், நாலு வரி எழுதி, குறித்த நேரத்தில் தானே வேலையை ஓட்டும் கிரானில் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள். சான்றிதழ் தரும் நிறுவனங்களும் பிரவுசர்காரர்களும் 2025-இல் கூடி டோஸை ஏற்றிவிட்டார்கள்: 2029 மார்ச் முதல் எந்தச் சான்றிதழுக்கும் ஆயுள் 47 நாள்தான். அதற்குப் பிறகும் கையாலேயே புதுப்பிப்பேன் என்று யாராவது அடம்பிடித்தால், அவருக்கு இருப்பது பொறுமை. வெப் சர்வர் தொழிலில் அந்த வியாதிக்கு மட்டும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.